தண்ணீரைப் படித்த ஒரு பேராசிரியரும் நம் வீட்டுக் குடமும்



ரமளானுக்கு முந்தைய வாரம் நமது அலுவலகத்துக்கு ஒரு தாயார் வந்தார். வீட்டுக்கு வாங்கிய ஆர்.ஓ. மெஷினுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறது, டிரஸ்ட்டிலிருந்து ஏதாவது உதவ முடியுமா என்று கேட்டார். கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை பார்ப்பவர். "ஏம்மா, வீட்டுக்கு மேட்டூர்த் தண்ணி வருதே, மெஷின் எதுக்கு?" என்று கேட்டோம். "நம்ம தண்ணியைக் கண்ணு முன்னாடியே செக் பண்ணிக் காமிச்சாங்க பாய். சாக்கடை மாதிரி ஆயிப்போச்சு. அதைப் பாத்த பொறவு புள்ளைங்களுக்கு எப்படிக் குடுக்கிறது?" என்றார்.

அந்தச் சோதனையை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு டம்ளர். ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர். நான்கு கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கிக் கரண்ட் கொடுப்பார்கள். அரை நிமிடத்தில் நம் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, கசடு மிதக்கும். மெஷின் தண்ணீர் லேசாக மஞ்சளிப்பதோடு சரி.

உண்மை இதுதான். அந்தக் கம்பிகளில் பாதி இரும்பு, பாதி அலுமினியம். தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். கரைந்த இரும்பு துருவாக மாறி மிதக்கும். டம்ளரில் தெரியும் கசடு அவர் கொண்டுவந்த கம்பியின் கசடு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. நம்ப முடியாதவர்கள் அடுத்த முறை விற்பனையாளர் வரும்போது, அந்தச் 'சுத்தமான' டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். எங்கள் அலுவலக மேசையில் நாங்கள் செய்து பார்த்தோம். மேசை விரிப்பில் விழுந்த கறை இன்னும் போகவில்லை.

அந்தத் தாயாரின் தவணை விஷயம் கமிட்டியில் பேசப்பட்டு வருகிறது. ஆனால் தண்ணீரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அன்றே எங்களைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் ஏமாந்ததில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் தம் பெற்றோர் பெயரில் சதக்கத்துல் ஜாரியாவாக ஒரு போர் போட்டுத்தரப் பணம் கொடுத்தார். போட்டோம். நல்ல ஊற்று. குடித்துப் பார்த்தவர்கள் எல்லாரும், "உப்பே இல்லைங்க, சோப்பு நல்லா நுரைக்குது" என்றார்கள். வாயும் சோப்பும் சொன்ன சாட்சியத்தை நம்பி, ஆய்வகத்துக்கு அனுப்பாமலேயே தொட்டி கட்டிக் குழாய் வைத்துவிட்டோம். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, வேறொரு காரியத்துக்காகத் தண்ணீரைச் சோதித்தபோதுதான் ஃபுளோரைடு அனுமதித்த அளவைத் தாண்டியிருப்பது தெரிந்தது. இப்போது அந்தக் குழாயில் 'குடிக்க அல்ல' என்று எழுதியிருக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் குடித்த பிள்ளைகளுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ருசியான தண்ணீரில் ஏன் ஃபுளோரைடு? நம் சேர்வராயன் மலையும் அதைச் சுற்றியுள்ள பூமியும் சார்னோக்கைட், நைஸ் என்னும் பழமையான கடும்பாறைகளால் ஆனவை. அந்தப் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு அடங்கியிருக்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிகம் கரைய விடாது. சுண்ணாம்பு குறைந்து சோடா உப்பு மிகுந்த தண்ணீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். அப்படிப்பட்ட தண்ணீர் மெதுவான தண்ணீர். சோப்பு நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் அதிகம் இராது. நாங்கள் எதைப் பார்த்து மகிழ்ந்தோமோ அதுவே எச்சரிக்கையாக இருந்திருக்கிறது. வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் உள்ள போர்களில் கதை வேறு. அங்கே மக்னீசியத்தால் தண்ணீர் கடினமாகிறது, குடித்தால் கசப்புத் தட்டுகிறது, அதனால் யாரும் ஏமாறுவதில்லை.

இந்த விஷயம் புதிதும் இல்லை. குடிநீர் ஃபுளோரைடால் எலும்பும் மூட்டும் இறுகிப் போவதை இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். நம் பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேட்டூர் தாலுகாவின் கிணற்று நீரையும் போர் நீரையும் எடுத்து ஆராய்ந்து, பாறை கரைவதால் வருவது எது, மனிதர் செயலால் வருவது எது என்று பிரித்துப் பார்த்த கட்டுரை 2008இல் வெளியானது. படித்தவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். நாம்தான் படிக்கவில்லை.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் 1993 முதல் வேதியியல் பேராசிரியராக இருக்கும் டி. பிரதீப். 1963இல் கேரளத்தில் பந்தாவூர் என்ற ஊரில் பிறந்தவர். தாய் தந்தை இருவரும் பள்ளி ஆசிரியர்கள். மூக்குதலை அரசுப் பள்ளியில் மலையாள வழியில் படித்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் நடை. பிறகு பொன்னானி எம்.இ.எஸ். கல்லூரி, திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரி, கோழிக்கோட்டுக்கு அருகே ஃபாரூக் கல்லூரி.

இந்தப் பெயர்களில் இரண்டை நம் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பொன்னானி, மக்தூம்களின் ஊர். நம் ஆலிம்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அங்கே கல்லூரி நடத்தும் முஸ்லிம் கல்விச் சங்கம் 1964இல் டாக்டர் பி.கே. அப்துல் கஃபூர் அவர்களால் தொடங்கப்பட்டது. ஃபாரூக் கல்லூரி 1948இல், மௌலானா அபுஸ்ஸபாஹ் அஹமது அலி அவர்களின் முயற்சியில், சமுதாயத்தின் நன்கொடையில் எழுந்தது. ஒரு நாயர் வீட்டுப் பிள்ளை அங்கே எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தார். பின்னாளில் அவர் செய்த ஆராய்ச்சியின் தண்ணீரை இன்று வங்காளத்து முஸ்லிம் குடும்பங்கள் குடிக்கின்றன. கல்விக்குக் கொடுத்த காசு எங்கே போய் எப்படித் திரும்பும் என்பதைக் கொடுத்தவர் கணக்கிட முடியாது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பாரத ரத்னா சி.என்.ஆர். ராவ் அவர்களிடமும் எம்.எஸ். ஹெக்டே அவர்களிடமும் ஆராய்ச்சி செய்து 1991இல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் பெர்க்லியிலும் பர்டூவிலும் இரண்டு ஆண்டு. அப்போது அவருக்கும் தண்ணீருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பொருள்களின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே அவர் துறை.

தண்ணீர்ப் பக்கம் திரும்பியது வெள்ளியால். சேலத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும். வெள்ளியையும் தங்கத்தையும் நானோ அளவுக்குப் பொடித்தால் அவற்றின் குணம் மாறிவிடுகிறது. நானோ என்றால், நம் தலைமுடியின் தடிமனை எண்பதாயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. கற்கண்டுக் கட்டியைவிடச் சர்க்கரைத் தூள் சீக்கிரம் கரைவதை நினைத்துக்கொள்ளுங்கள். பொருள் ஒன்றே, வெளியே தெரியும் பரப்புதான் கூடுகிறது. கொலுசு வெள்ளி சும்மா கிடக்கும். நானோ வெள்ளி கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற குளோரின் சேர்மங்களைச் சாதாரண வெப்பநிலையிலேயே உடைத்து, குளோரினைத் தான் பிடித்துக்கொண்டு, கரியைத் தனியே விட்டுவிடுகிறது. இதைப் பிரதீப்பும் அவர் மாணவர் ஸ்ரீகுமாரன் நாயரும் கண்டு 2003இல் எழுதினார்கள். பூச்சிமருந்துகளில் பல குளோரின் சேர்மங்கள்தானே? எண்டோசல்ஃபான், குளோர்பைரிபாஸ், மாலத்தியான் இவற்றில் முயன்றார்கள், தண்ணீரிலிருந்து நீங்கின.

அதே 2003இல்தான் புட்டித் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து இருக்கிறது என்று டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிக்கை வெளியிட்டு நாடே பேசியது. பூச்சிமருந்துக்கான அளவு எவ்வளவு நுட்பமானது என்றால், ஒரு லிட்டரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் தவறு. கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத விஷயம் இது. பிரதீப்பின் ஆய்வு 2007இல் வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கு வந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது.

இதைவிடப் பெரிய வேலை அதற்குப் பிறகுதான். அதைச் சொல்ல, கொஞ்சம் வங்காளம் போய்வர வேண்டும்.

குளத்து நீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் மடிந்துகொண்டிருந்த காலத்தில், 1970களில், வங்கதேசத்தில் யுனிசெஃப் துணையோடு கைபம்புக் குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் போடப்பட்டன. நல்ல எண்ணம், நல்ல பலனும்கூட; வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆர்சனிக் என்றால் நாட்டு மருந்தில் பாஷாணம் என்கிறோமே, அதன் மூலப்பொருள். இந்தியப் பக்கத்தில் 1983 வாக்கில் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கையும் காலும் தடித்துக் கறுத்த நோயாளிகளைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் தீபங்கர் சக்ரவர்த்தி கிராமம் கிராமமாகப் போய் ஆயிரமாயிரம் குழாய்களின் தண்ணீரையும், மக்களின் முடியையும் நகத்தையும் சோதித்து, இது ஏதோ ஓர் ஊரின் நோயல்ல, கங்கைச் சமவெளி முழுவதும் பரவியிருப்பது என்று காட்டினார். 2018இல் அவர் இறக்கும்வரை இதுவே அவர் வேலை. வங்கதேசத்தின் குஷ்டியாவைச் சேர்ந்த அபுல் ஹுஸ்ஸாம், அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியர், சொந்த ஊர்க் கிணற்றிலேயே ஆர்சனிக்கைக் கண்டு, இரும்பு, மணல், கரி, செங்கல் துண்டு கொண்டு இரண்டு வாளிகளில் வேலை செய்யும் 'சோனோ' வடிகட்டியை உருவாக்கினார். 2007இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசு கிடைத்தது. அதில் 70 சதவீதத்தை ஏழைகளுக்கு வடிகட்டி வழங்கவே கொடுத்துவிட்டார்.

எங்கள் போரைப் பற்றி முன்னே எழுதியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். வங்காளத்தில் நடந்ததன் மிகச் சிறிய பிரதியை நாங்கள் இங்கே செய்திருக்கிறோம்.

பிரதீப்பின் குழு இதற்குக் கண்ட வழிக்கு 'அம்ரித்' என்று பெயர். அலுமினிய ஆக்சி ஹைட்ராக்சைடை, இறால் நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசன் என்ற பொருளோடு சேர்த்து, மணல் போன்ற குருணையாக்குகிறார்கள். சூளை வேண்டாம், கரண்ட் வேண்டாம். சாதாரண வெப்பத்தில் தண்ணீரிலேயே தயாராகிறது. (இறால் ஓடா என்று மஸ்அலா கேட்பவர்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளவும்; எங்களிடம் வேண்டாம்.) குருணைக்குள் நானோ வெள்ளியை அடைத்தால், கிருமியைக் கொல்லும் அளவுக்கு மட்டும், மனிதருக்குக் குறித்த வரம்புக்குள், வெள்ளி மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்குகிறது. ஆர்சனிக்குக்கு இரும்பு ஆக்சைடின் ஒரு வகையை அதே கூட்டுக்குள் நிறுத்துகிறார்கள். இந்த ஆய்வு 2013இல் அமெரிக்க அறிவியல் அகாடமியின் இதழில் வந்தபோது, ஒரு குடும்பத்தின் குடிநீருக்கு ஆண்டுச் செலவு இரண்டரை டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் முதலிய இடங்களில் தொடங்கி, இன்று பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். பத்மஸ்ரீ 2020இல் வந்தது. சவூதியின் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அஜீஸ் பெயரிலான சர்வதேசத் தண்ணீர்ப் பரிசு 2022இல்.

அவருடைய அண்மை ஆய்வு ஒன்று நமக்கு உடனே பயன்படாது, ஆனாலும் எழுதாமல் விட மனமில்லை. மின்னேற்றம் பெற்ற மிக நுண்ணிய நீர்த்துளிகளுக்குள் மணல் துகள் சிக்கினால், நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அது நானோத் துகளாக நொறுங்கிவிடுகிறதாம். 2024இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ரூபியைக்கூட உடைக்கிறது. பாறை மண்ணாவதற்கு நூற்றாண்டுகள் ஆகும் என்று பள்ளியில் படித்தோம். மேகத்திலும் அலைத் திவலையிலும் இப்படி ஒரு வேலை ஓசையில்லாமல் நடக்கிறதோ என்னவோ. படித்துவிட்டு சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். பலர் கையில் இப்போது டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது, பேனா மாதிரி. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, மொத்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குத்துமதிப்பாகச் சொல்கிறது. 400 என்று காட்டினால் அதில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமா 3 மில்லிகிராமா என்று அதற்குத் தெரியாது. நமது நாட்டுத் தரப்படி ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. ஆர்சனிக்கின் வரம்பு 0.01. வரம்பைவிட நூறு மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் மீட்டரில் ஒரே ஒரு எண்தான் கூடும். கிருமியோ பூச்சிமருந்தோ அதில் தெரியவே தெரியாது.

கொதிக்க வைப்பது பற்றி ஒரு வார்த்தை. மாநகராட்சி தரும் மேட்டூர்த் தண்ணீர் சுத்திகரித்துக் குளோரின் கலந்து வருவது; சந்தேகம் இருந்தால் கொதிக்க வைத்தால் போதும், கிருமி போய்விடும். ஆனால் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட்டும் அப்படியே. பிள்ளைக்குப் பால் கலக்கவென்று போர் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சும் தாய்மார்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு அதிகமானால் பல்லில் பழுப்புக் கோடும் குழியும் விழும். எத்தனை தேய்த்தாலும் போகாது.

ஆர்.ஓ. மெஷினே கெட்டது என்று சொல்லவில்லை. ஃபுளோரைடை அது நீக்கும். போர் தண்ணீர் தவிர வேறு வழியில்லாத வீட்டுக்கு அது தேவைப்படலாம். ஆனால் ஒரு குடம் தருவதற்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் உத்தரவிட்டது. மேட்டூர்த் தண்ணீர் வரும் வீட்டில் கடன் வாங்கி அதை மாட்டுவதற்கு எங்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் மனதில் கிடக்கிறது. கல்வி உதவித்தொகை நேர்காணலுக்கு, பி.எஸ்ஸி. வேதியியலை நல்ல மதிப்பெண்ணில் முடித்த ஒரு மாணவி தந்தையோடு வந்திருந்தார். எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. தந்தை, "கெமிஸ்ட்ரி படிச்சா டீச்சர் வேலைதானுங்களே பாய், அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் எதுக்கு?" என்றார். அன்று எங்களிடம் சரியான பதில் இல்லை, பி.எட். படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்தப் பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆசிரியர் வேலை குறைந்தது என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் வழி அது ஒன்றுதான் என்று நாங்களே முடிவு கட்டியது தவறு. நம் ஊரிலேயே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. 'ஜாம்' என்ற நுழைவுத்தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேரலாம். அதன்பின் 'நெட்' தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் அரசே தருகிறது, 2023 முதல். தண்ணீர் ஆய்வகங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் தொழிற்சாலைகளிலும் வேதியியல் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அந்த மாணவியின் தந்தைக்கு இந்த இதழைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம். இவ்வாண்டு உதவித்தொகையில் இரண்டு இடங்களை முதுகலை அறிவியலுக்கென்று ஒதுக்கக் கமிட்டி சம்மதித்திருக்கிறது.

போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தும் வீட்டார், அதைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளலாம். மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். தொட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்பி, இறுக மூடி, வீட்டு விலாசம், தேதி, போரின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் தனிப் பாட்டில் வேண்டும், அதை அலசக் கூடாது. கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு டிரஸ்ட் கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை அலுவலகம் திறந்திருக்கும். கேனை அங்கே கொடுத்துவிட்டால் மறுநாள் காலை எங்கள் ஆள் மொத்தமாகக் கொண்டுபோவார். முதல் கேன் எங்கள் குழாயிலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம், மறுசோதனைக்காக.